தூலா முடிவெட்டிய சனிக்கிழமைகள்

குளியலறையிலிருந்து 'களக் களக்' என்று சத்தம் வந்தது. அடைத்துக்கொண்ட குழாயின் வாயில் ரப்பர் கிண்ணத்தை வைத்து யாரோ முழு பலத்தோடு அழுத்தி இழுக்கிற சத்தம். அதன்பின் நீளமாக ஓர் உறிஞ்சல். பிறகு ஒன்றுமில்லை. சமையலறை மேஜையில், ஆறிப்போன காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆர்வோ கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"டேய் ஆர்வோ! இங்க வா! குழாய்க்குள்ள எலி செத்துக் கிடக்குடா!"

அக்கா சிர்க்காவின் குரல். ஊரின் மறுகோடியிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சவுனா என்ற நீராவிக் குளியலுக்கு வருகிறவள், இன்று இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்து துடைப்பமும் வாளியுமாகத் தம்பி வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள்.

"எலி இல்லக்கா."

"வால்கூட இருக்கு, நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"முடிக்கா. என் முடி."

மஞ்சள் கையுறை போட்ட கையில் அதைத் தூக்கிப் பிடித்தபடி சிர்க்கா வாசலில் வந்து நின்றாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, வெளுத்த வைக்கோல் நிறத்தில், ஒரு கைப்பிடி. அதையும் பார்த்தாள், தம்பியின் தலையையும் பார்த்தாள்.

"இவ்வளவும் உன் தலைல இருந்ததா? அப்ப மிச்சம் அங்க இருக்கறது என்ன, கடன் வாங்கினதா?"

"போன வருஷம் விழுந்தது. இப்ப விழறதில்ல."

"விழறதுக்கு இருந்தாத்தானே." குப்பைத் தொட்டியில் அதைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மூணு மணிக்கு தூலா வர்றா. நெனப்பு இருக்கா?"

"இருக்கு."

"எதுக்கு வர்றான்னு தெரியுமா?"

"காபி குடிக்க வருவா."

"ஏன், அவ வீட்டுல காபி இல்லையா? கால்கரிக்குப் போறாடா, மேற்கால ரெண்டாயிரம் கிலோமீட்டர்! பொண்ணு ஹெய்டிக்கு ரெட்டைக் குழந்தை பொறந்திருக்கு. 'வீட்ட வித்துட்டு எங்கூடவே வந்து இரும்மா'ன்னு கூப்பிட்டிருக்கா. வாங்கறதுக்கு ஆளும் வந்தாச்சு. திங்கக்கிழமை கையெழுத்து. அதுக்கு முன்னால உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வருமான்னு பாக்கத்தான் வர்றா."

"அப்படிச் சொன்னாளா?"

"பொம்பளை அதெல்லாம் வாயத் தொறந்து சொல்லுவாளா? நேத்து ரொட்டிக் கடைல பாத்தேன். 'ஆர்வோ நல்லாருக்கானா'ன்னு கேட்டா. மூணு தடவை கேட்டா. மூணாவது தடவை என் முகத்தப் பாக்காம, பிங்க் பாகு ஊத்தின பன்னு இருக்கு பாரு, அதப் பாத்துக்கிட்டுக் கேட்டா."

ஆர்வோ ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். மார்ச் மாதத்துப் பழுப்பேறிய பனி. அதற்கப்பால், தெருவின் முடிவில், இன்னும் உறைந்தே கிடந்த சுப்பீரியர் ஏரி. எதிர்வரிசையில் தூலாவின் நீல நிற வீடு. இந்தச் செய்தியை ஒரு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவன் காபிக் கோப்பையைக் கீழே போட்டிருப்பான். செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடியிருப்பான். இன்று அவன் நெஞ்சுக்குள் ஒன்றுமே அசையவில்லை. 'கால்கரி' என்ற சொல் வானிலை அறிக்கையில் வரும் ஊர்ப்பெயர் போலக் காதில் விழுந்து போயிற்று.

ஐம்பத்தேழு வயது ஆர்வோ நிஸ்கனன் கனடாவின் தண்டர் பே துறைமுகத்தில் கோதுமைக் கிடங்கு ஒன்றின் மெக்கானிக். பத்தொன்பது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். கோடையில் கப்பல் வரும்போது கோதுமை ஏற்றும் பெல்ட் ஓட வேண்டும், குளிர்காலத்தில் ஏரி உறைந்து கப்பல் நின்றதும் அந்த பெல்ட்டையெல்லாம் பிரித்துப் பழுது பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவன் வருஷம். இடையில் கேரல் என்ற ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். ஆர்வோவைப் போல அவள் ஃபின்லாந்து வழி வந்தவள் இல்லை. அவளுக்கு சவுனாவின் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆறு வருஷம் கழித்து ஆர்வோவும் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் இல்லை. அழுகையும் பெரிதாக இல்லை.

ஐம்பத்தொன்றாவது வயதில் மூளைக்கு அடியில் ஒரு பயறளவு கட்டி. மூக்கு வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிட்டார்கள். கட்டி போயிற்று. அதோடு சேர்ந்து, ஒரு ஆணின் உடம்பு தனக்குத் தானே சுரந்துகொள்கிற ஏதோவொன்றும் போயிற்று. மூன்று வருஷம் அவன் குளிர்காலக் கரடியைப் போலத் தூங்கினான். வேலைக்குப் போவான், வருவான், சட்டையைக்கூடக் கழற்றாமல் படுப்பான். தாடி மழிப்பது வாரத்துக்கு ஒருமுறையானது. யார்மீதும் கோபமில்லை, யார்மீதும் ஆசையுமில்லை. அக்காதான் அவனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெஸ்டோஸ்டிரோன் ஊசி தந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தானே தொடையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆறாவது வாரம் அது நடந்தது. ஏப்ரல் மாதம். துறைமுகத்தில் பனிக்கட்டி உடைந்து, அந்த வருஷத்தின் முதல் கப்பல் சங்கு ஊதியது. முப்பத்தைந்து வருஷமாகக் கேட்ட சங்கு. அன்று மட்டும் ஆர்வோ கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். கோதுமைத் தூசிக்கு ஒரு வாசனை இருக்கிறது என்று அன்றுதான் நினைவு வந்தது. மாலையில் வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டுத் தூலா, சிவப்புக் கம்பளித் தொப்பியோடு, வாசலில் மிச்சமிருந்த பனியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு வருஷமாக எதிர்வீட்டில் இருப்பவள். புருஷனைப் பறிகொடுத்து நாலு வருஷம். அவளுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே அன்றுதான் ஆர்வோவுக்குத் தெரிந்தது.

அந்தக் கோடையில் சிர்க்காவோடு தூலாவும் சனிக்கிழமை சவுனாவுக்கு வர ஆரம்பித்தாள். தோட்டத்து மூலையில் ஆர்வோவின் அப்பா கட்டிய மரக்குடில். மதியமே ஆர்வோ அடுப்பில் பிர்ச் விறகை அடுக்கிக் கல்லைச் சூடேற்றி வைப்பான். முதலில் பெண்கள் இருவரும் போய், கல்மீது தண்ணீரை வீசி, ஆவியில் வெந்து, சிவந்து, சிரித்துக்கொண்டே வருவார்கள். பிறகு ஆர்வோ தனியாகப் போவான். பிறகு காபி, உப்பு மீன், ஏலக்காய் ரொட்டி. சனிக்கிழமை சவுனாவுக்குக் கூப்பிட்டு வராமல் இருப்பது அந்தத் தெருவில் முகத்தில் அறைவதற்குச் சமம். கூப்பிடாமல் இருப்பது அதைவிடக் கேவலம்.

பே தெருவில் முப்பத்தொரு வருஷம் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள் தூலா. ஒரு சனிக்கிழமை, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்த ஆர்வோவைப் பார்த்து, "யாருய்யா இந்தத் தலைய வெட்டினது? கோடாலியா?" என்றாள். குடில் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, தோளில் துண்டைப் போர்த்தி, வெட்டிவிட்டாள்.

அவ்வளவுதான். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அவளுடைய விரல்கள் அவன் தலைக்குள் போய் வந்தன. இடது கையால் நெற்றியைப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். பிடரியில் ஒட்டிய முடியை ஊதிவிட்டாள். அந்த ஒரு ஊதலுக்காக ஆர்வோ வாரக் கணக்கில் காத்திருந்தான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்பாள் அவள். நாலு வாரத்திலேயே வளர்ந்துவிட்டது என்று சாதிப்பான் இவன். இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. காதல் என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள். வாயைத் திறப்பதற்குள் இரண்டு குளிர்காலம் உருகிப்போய்விடும்.

அப்போதுதான் முடி உதிரத் தொடங்கியது.

முதலில் தலையணையில். பிறகு சீப்பில். பிறகு சவுனா முடிந்து குளிக்கும்போது காலடியில். பிறகு உச்சந்தலையில் தோல் தெரிந்தது. வழுக்கை அசிங்கம் என்பதல்ல அவன் பயம். வெட்டுவதற்கு முடி இல்லாவிட்டால் தூலா எதற்குத் தொடுவாள்? அவள் கை தன்மேல் படுவதற்கு இந்த உலகத்தில் அவனிடம் இருந்த ஒரே காரணம் அந்த முடிதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கோலீன் பொறுமையாகச் சொன்னாள். "ஊசி மருந்துல ஒரு பங்கு உடம்புக்குள்ள போய் வேற ஒண்ணா மாறுது. அதுதான் முடி வேரச் சுருக்குது. எல்லாருக்கும் இல்ல, பரம்பரைல இருக்கறவங்களுக்கு. உங்க அப்பா?"

"முட்டை மாதிரி இருந்தார்."

"அப்ப சரி. மினாக்சிடில் தர்றேன், காலைலயும் சாயங்காலமும் தலைல தடவுங்க. அந்த மாற்றத்தத் தடுக்கற மாத்திரையும் இருக்கு. சில பேருக்கு அதுல ஆசை கொஞ்சம் மங்கும், பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆறு மாசமாவது பொறுக்கணும். முதல் ரெண்டு மாசம் இன்னும் ஜாஸ்தியாக்கூடக் கொட்டும், பயப்படாதீங்க. ஆனா எது செஞ்சாலும் ஊசிய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க."

ஆசை மங்கும் என்ற ஒரு வார்த்தையைக் கேட்டதுமே மாத்திரையைப் பையிலிருந்து அவன் எடுக்கவில்லை. மூன்று வருஷம் மங்கிக் கிடந்தவனுக்குத்தானே அந்த இருட்டின் ஆழம் தெரியும்? மருந்துத் தண்ணீரை மட்டும் தடவினான். அதிலும் ஒரு கூத்து. தலையில் தடவியபின் நாலு மணி நேரம் நனைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருந்தது. சவுனா என்பது நனைப்பதில் சேராது என்று ஆர்வோ நினைத்துக்கொண்டான். சூட்டில் மருந்து உள்ளே நன்றாக இறங்கும் என்று ஒரு கணக்கு வேறு. சனிக்கிழமை மட்டும் போதாதென்று வாரத்துக்கு நாலு நாள் மருந்தைத் தடவிக்கொண்டு சவுனாவில் போய் உட்கார்ந்தான். வியர்வையோடு மருந்து வழிந்து நெற்றியிலும் கன்னத்திலும் இறங்கியது. ஏழாவது வாரம் கன்னத்தின் மேட்டில் பொன்னிறப் பூனைமுடி முளைத்தது.

"தலைல ஊத்தினது வழி தவறிப் போயிருக்குடா," என்று சிர்க்கா சிரித்துச் சிரித்து மூச்சுத் திணறினாள். "இன்னும் ஒரு மாசம் விட்டா உன்ன காட்டுல கொண்டுபோய் விட்டுடலாம். கரடிங்க பொண்ணு குடுக்கும்."

அதே வாரத்தில் தலைமுடி முன்னைவிட வேகமாகக் கொட்டியது. நர்ஸ் சொன்னது ஞாபகம் இருந்தும் மனசு கேட்கவில்லை. டப்பாவைத் தூக்கி எறிந்தான்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை. குடில் வாசலில் குளிர் தாங்காமல் சமையலறையிலேயே ஸ்டூலைப் போட்டிருந்தார்கள். தூலா சீப்பை உச்சியில் ஓட்டினாள், நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். பிறகு மெதுவாக, "ஆர்வோ, இனிமே ஒட்டக் குட்டையா வெட்டிடலாமா?" என்றாள்.

தீர்ப்பு வந்துவிட்டது என்று ஆர்வோ நினைத்தான். முடிந்தது. இனி வெட்ட ஒன்றுமில்லை என்பதை இவ்வளவு நாசூக்காக எப்படிச் சொல்ல முடியும்? "இன்னிக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊசியை எடுத்தான். கண்ணாடியைப் பார்த்தான். ஊசியைத் திரும்ப டப்பாவில் வைத்தான். நாலு மாசம் நிறுத்துவோம், முடி திரும்பட்டும், பிறகு தூலாவின் ஸ்டூலில் போய் உட்காருவோம் என்பது அவன் எண்ணம். அதுவரை தலையில் கம்பளித் தொப்பி. சவுனாவைச் சூடாக்கி வைப்பான், ஆனால் பெண்கள் வரும் நேரத்துக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவான். நாலு சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டு தூலா வருவதை நிறுத்திக்கொண்டாள்.

முடி உதிர்வது நின்றதும் உண்மை. உச்சியில் பஞ்சுபோல ஏதோ முளைத்ததும் உண்மை. ஆனால் 'இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு போவோம்' என்ற நினைப்பு, ஜனவரியில் 'போகாவிட்டால்தான் என்ன' என்று ஆனது. பிப்ரவரியில் அந்த நினைப்பும் வரவில்லை. வேலையிலிருந்து வந்து சட்டையோடு படுத்தான். சில வேளைகளில் காரணமே இல்லாமல் உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

"டேய்!"

இரண்டாம் முறை குளியலறையிலிருந்து வந்த அக்காவின் குரலில் சிரிப்பு இல்லை. துண்டுகளை அடுக்கப் போனவள் அலமாரிக்குப் பின்னாலிருந்து மூன்று அட்டை டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். மூன்றும் முத்திரை உடையாதவை.

"இது டிசம்பர் தேதி. இது ஜனவரி. இது பிப்ரவரி. மாசாமாசம் மருந்துக் கடைல போய் வாங்கிட்டு வந்து துண்டுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருக்க. ஏன்டா?"

ஆர்வோ சொன்னான். தலையைக் குனிந்துகொண்டு, ஒன்றையும் மறைக்காமல், மெக்கானிக் ஒருவன் பழுதின் வரலாற்றைச் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னான். சிர்க்கா டப்பா ஒன்றைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அவ கை தலைல படணும்னு ஊசிய நிறுத்தினியா? ஊசி போட்டதாலதானடா அவ கை வேணும்னே உனக்குத் தோணுச்சு! அடுப்ப அணைச்சுட்டு, விறகு மிச்சமாச்சுன்னு சந்தோஷப்படறவன எங்கயாவது பாத்திருக்கியா?" சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் நெனச்சேன், மறுபடியும் கட்டி வந்துடுச்சோன்னு. மூணு மாசமாத் தூங்கறதில்லடா நான். சரி, எந்திரி. இப்பவே போடு ஒண்ணு. மூணு மணிக்குள்ள வேலை செய்யுமா?"

"அது காபி இல்லக்கா."

"ரெண்டாப் போடு!"

"ரெண்டு போட்டா நர்ஸ் என்னைக் கொன்னுடுவா. போன தடவை ஆறு வாரம் ஆச்சு."

"ஆறு வாரம்!" சிர்க்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அவளுக்குத் திங்கக்கிழமை கையெழுத்துடா!" பிறகு தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினாள். "நான் சொல்றதக் கேளு. உனக்குத் தோணுதோ தோணலையோ, 'போகாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. மிச்சத்த ஊசி பாத்துக்கும். ஆறு வாரம் நடிக்க மாட்டியா? உங்க வயசுக்கு அது என்ன பெரிய காலமா?"

வாசலில் பூட்ஸிலிருந்து பனியை உதறும் சத்தம் கேட்டது. சிர்க்கா டப்பாக்களைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு, "நான் சவுனாவுக்கு விறகு போடறேன்" என்று பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டாள்.

தூலா உள்ளே வந்தாள். அதே சிவப்புத் தொப்பி. கையில் துணியில் சுற்றிய ஏலக்காய் ரொட்டி. அறுபதை எட்டப் போகிறவள். சிரிக்கும்போது மட்டும் கண்ணோரம் சிறுமியாகிவிடும் முகம். இன்று சிரிக்கவில்லை.

"உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன். உக்காரு."

"பதினாலு சனிக்கிழமை ஆச்சு. எண்ணிக்கிட்டு இருக்கல, தானா எண்ணிடுச்சு." கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "சிர்க்கா சொல்லியிருப்பா."

"சொன்னா. கால்கரி."

"ஆமா. ரெண்டும் பையன். ஒருத்தன் தூங்கினா ஒருத்தன் எந்திரிச்சுக்கறானாம். ஹெய்டி ஃபோன்ல அழறா."

"பாவம்."

"பாவம்தான்." தூலா ரொட்டியின் துணியை அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அவனிடமிருந்து இன்னொரு சொல் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

அப்போதுதான் ஆர்வோவுக்கு ஒரு யோசனை வந்தது. உடம்புக்கு ஞாபகம் இருக்குமல்லவா? மனசு மறந்தாலும் தோல் மறக்காதல்லவா? எழுந்து போய் ஸ்டூலை இழுத்துப் போட்டான். தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினான். "தூலா, முடி வெட்டிவிடறியா?"

அவள் அவனையே பார்த்தாள். "கத்திரி எடுத்துட்டு வரல."

"மேஜை டிராயர்ல ஒண்ணு இருக்கு."

"மீன் நறுக்கற கத்திரியால உன் தலைய நறுக்கச் சொல்றியா?" கோட்டுப் பைக்குள் கை விட்டாள். தோல் உறையில் போட்ட அவளுடைய பழைய கத்திரியும் சீப்பும் வெளியே வந்தன. முகம் சிவந்தது. "எடுத்துட்டு வரலன்னு சொல்லணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன். கெழவிக்குப் பொய் வர மாட்டேங்குது."

துண்டைப் போர்த்தினாள். ஆர்வோ கண்ணை மூடிக்கொண்டான்.

இதோ, அவளுடைய இடது கை நெற்றியில் படுகிறது. தலையை மெல்லச் சாய்க்கிறது. இதோ, சீப்பு. விரல்கள் பிடரியில் ஏறுகின்றன. எத்தனை வாரம் இந்த நொடிக்காக எரிந்திருக்கிறான்! ஆர்வோ காத்திருந்தான். பல்மருத்துவர் மரத்துப்போகும் ஊசி போட்டபின் உதட்டைத் தொட்டுப் பார்க்கிறவனைப்போல, தன் உடம்பெங்கும் தேடித் தேடிக் காத்திருந்தான். கை சூடாக இருக்கிறது, தெரிந்தது. சோப்பு வாசனை வருகிறது, தெரிந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. கடவுளே, ஒன்றுமே இல்லை.

தூலா பிடரியில் ஊதினாள்.

கத்திரி நின்றது.

"உன் காது செவக்கல," என்றாள்.

"என்ன?"

"நான் ஊதினா உன் காது ரெண்டும் செவந்துடும். தக்காளி மாதிரி. ரெண்டு வருஷமா ஒரு தடவைகூடத் தவறினதில்ல. அதப் பாக்கறதுக்காகவே ஊதுவேன். இன்னிக்குச் செவக்கல." கத்திரியை மேஜையில் வைத்தாள். "சரி, ஆர்வோ. பதில் சொல்ல வேணாம். கிடைச்சுடுச்சு."

ஆர்வோ திரும்பினான். அக்கா சொன்ன ஒரு வார்த்தை தொண்டையில் தயாராக இருந்தது. போகாத. மூன்றே எழுத்து. சொன்னால் இவள் கோட்டைக் கழற்றிவிடுவாள், வீடு விற்பனை நின்றுவிடும், ஆறு வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆகாவிட்டால்? அந்தக் கால்கரிக் குழந்தைகளையும் விட்டுவிட்டு, வெறும் வாய்வார்த்தையை நம்பி இவள் இங்கே உட்கார்ந்திருப்பாள். அவனால் முடியவில்லை. பொய்க்குப் பதில் உண்மை முழுவதும் வெளியே வந்தது. தலையணை முடியிலிருந்து துண்டுக்குப் பின்னால் ஒளித்த டப்பாக்கள்வரை.

"நீ போகக் கூடாதுன்னு நெனைச்சவன் நான்தான், தூலா. அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா இப்ப... ஞாபகம் மட்டும்தான் இருக்கு. தோண மாட்டேங்குது."

தூலா ஸ்டூலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை.

"முடிக்காகவா? முப்பத்தொரு வருஷம்யா! ஊர்ல பாதி வழுக்கை என் கையாலதான் பளபளன்னு ஆச்சு. நீ உன் உச்சியப் பாக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே நான் மேலேர்ந்து பாத்துட்டேன். உன் தலை எனக்கு ஒரு பொருட்டா?"

"அப்ப ஏன் குட்டையா வெட்டிடலாம்னு சொன்ன?"

தூலா சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவி எடுத்தாள்.

"குட்டையா வெட்டினா அடிக்கடி வெட்டணும், ஆர்வோ. மூணு வாரம் தாண்டினா அசிங்கமாயிடும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை நீ வந்துதான் ஆகணும். அதுக்குத்தான் சொன்னேன். ஒரு மாசமா யோசிச்சு, தைரியத்த வரவழைச்சுக்கிட்டுச் சொன்னேன். நீ 'வேணாம்'னு எந்திரிச்சுப் போயிட்ட."

அவள் ஆசையோடு நீட்டியதையா அவன் தீர்ப்பென்று எண்ணி ஓடினான்? ஒரு மனிதன் கதறியழ வேண்டிய நேரம். அவன் கண்ணைத் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. அழக்கூட முடியாமல் நிற்பவனைப் பார்த்து தூலாதான் இருவருக்கும் சேர்த்து அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உக்காரு. பாதித் தலையோட விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றாள். மிச்சத்தை வெட்டினாள். ஒட்டக் குட்டையாக. கீழே விழுந்ததைத் தானே கூட்டி அள்ளினாள்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஊசியப் போடு. திங்கக்கிழமை அந்த நர்ஸுக்கு ஃபோன் பண்ணி எல்லாத்தையும் சொல்லு. மாத்திரையப் பத்தியும் கேளு, சவுனால மருந்தத் தடவிக்கிட்டு உக்காந்ததையும் சொல்லு, அவளாவது சிரிக்கட்டும்."

"நீ?"

"நான் கையெழுத்துப் போட்டுடுவேன். ஞாபகத்த நம்பி என்னால வீட்ட வெச்சுக்கிட்டு இருக்க முடியாது. அங்க ரெண்டு பேர் பசிச்சு அழறாங்க." தொப்பியைப் போட்டுக்கொண்டாள். "நீ மட்டும் இன்னிக்குப் போகாதன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா நான் இருந்திருப்பேன். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல." அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதனாலதான் போறதுக்குக் கஷ்டமா இருக்கு."

"ஆறு வாரம் கழிச்சு எனக்கு வலிக்கும், தூலா. ரொம்ப வலிக்கும். அப்ப நீ அங்க இருப்ப."

"வலிக்கட்டும். வலிச்சா ஃபோன் பண்ணு. எந்த நேரமா இருந்தாலும் எடுப்பேன், எப்படியும் அந்தப் பசங்க தூங்க விட மாட்டானுங்க. பஸ்லயோ கார்லயோ ஏறி வரணும்னு தோணுச்சுன்னா வா. தலை எப்படி இருந்தாலும் வா."

நெருங்கி வந்தாள். குட்டையாக வெட்டிய அந்தத் தலையின் உச்சியில், தோல் தெரிந்த இடத்திலேயே, உள்ளங்கையை வைத்தாள். கத்திரியும் இல்லை, சீப்பும் இல்லை. கை வைப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. ஆர்வோ அசையாமல் நின்றான். எதுவும் வரவில்லை. ஆனால் எங்கோ வெகு ஆழத்தில், உறைந்த ஏரியின் அடியில் நீர் நகர்வதைப்போல, இது வர வேண்டுமே, வந்துவிட வேண்டுமே என்று ஒரு தவிப்பு. ஏங்க முடியாமற்போனவன் ஏக்கத்துக்காக ஏங்கிக்கொண்டு நின்றான்.

தூலா கையை எடுத்தாள். வாசலுக்குப் போய் பூட்ஸின் நாடாவைக் கட்டினாள். ஒருமுறை கட்டியதை அவிழ்த்து இன்னொருமுறை கட்டினாள். ஆர்வோ அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். ஏரிக்காற்று உள்ளே பாய்ந்து அவனுடைய வெறுந்தலையைத் தொட்டது.

"வரேன்," என்றாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள்.

தெருவைத் தாண்டி, நீல வீட்டின் வாசலில் அந்தச் சிவப்புத் தொப்பி மறையும்வரை பார்த்திருந்துவிட்டு, ஆர்வோ கதவைச் சாத்தினான்.